எந்தச் சேம்பர், எந்த நிறுவனம்? சட்ட மாணவர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விடுமுறை இன்டர்ன்ஷிப் பற்றியவை. சேம்பர் (வழக்காடும் சட்டத்தரணியின் அலுவலகம்), சட்ட நிறுவனம் என்று இரண்டு இடங்களில் கூப்பிட்டிருக்கிறார்கள், எதற்குப் போவது என்று கேட்கிறீர்கள். நான் திரும்பக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: நீங்கள் எழுதும் வரைவை உட்கார்ந்து வாசித்துத் திருத்தப் போவது யார்?

*கொழும்புப் பல்கலைக்கழக சட்ட பீடத்தில் மூன்றாம் ஆண்டு. ஆகஸ்ட் முழுவதும் ஓய்வு. கொள்ளுப்பிட்டியில் ஒரு சட்ட நிறுவனமும், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு ஜனாதிபதி சட்டத்தரணியின் (ஜனாதிபதி நியமிக்கும் மூத்த சட்டத்தரணி) சேம்பரும் வரச் சொல்லியிருக்கின்றன. வழக்காடத்தான் விருப்பம். சேம்பருக்குத்தானே போக வேண்டும்?*

விருப்பம் சரி, மாதம்தான் இடிக்கிறது. ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றத்துக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் ஏறத்தாழ ஒரு மாத விடுமுறை. ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டியும் டிசம்பரிலும் விடுமுறை வரும். வழக்கு விசாரணை பார்க்கலாம் என்று கறுப்புக் கோட்டுடன் போய், வெறும் வராந்தாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் எனக்கு எழுதுகிறார்கள். சட்ட நிறுவனத்துக்கு அந்த விடுமுறை இல்லை. கம்பனிப் பதிவு, கடன் ஒப்பந்தம், 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் வரும் தீர்மானங்கள் என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் சில சீனியர்கள் தங்கள் எழுத்துமூலச் சமர்ப்பணங்களை முடிப்பது அந்த விடுமுறையில்தான். அப்படிப்பட்ட ஒருவரின் மேசைக்கு எதிரே நான்கு வாரம் இருக்கக் கிடைத்தால், கொள்ளுப்பிட்டியை விட்டுவிட்டுப் போங்கள். "ஆகஸ்ட்டில் உங்கள் மேசையில் என்ன வேலை இருக்கும் சேர்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் இந்த முறை நிறுவனத்துக்குப் போங்கள். சேம்பருக்கு செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் வர முடியுமா என்று கேட்டு வையுங்கள்.

*எனக்கு இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டும் நல்ல இடம். எது நல்லது?*

தம்பி, எந்தத் துறை, எத்தனை வாரம், யாருக்குக் கீழே வேலை, கொடுப்பனவு உண்டா என்று ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. கட்சிக்காரர் இப்படி ஒரு கடிதம் எழுதினால் நீங்கள் என்ன ஆலோசனை சொல்வீர்கள்? விவரத்துடன் மறுபடி எழுதுங்கள், பதில் தருகிறேன்.

*பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது செய்யும் இன்டர்ன்ஷிப், சட்டத்தரணியாவதற்கான ஆறு மாதப் பயிற்சியில் சேருமா?*

சேராது. அது சட்டக் கல்லூரி இறுதிப் பரீட்சையோடு வரும் தனிப் பயிற்சி. அதற்கு விதிகள் வேறு.

*மட்டக்களப்பிலிருந்து வந்து வெள்ளவத்தையில் போடிங்கில் இருக்கிறேன். பேர் பெற்ற ஒரு மனித உரிமை அமைப்பு இரண்டு மாதத்துக்கு எடுக்கிறது, கொடுப்பனவு இல்லை. பம்பலப்பிட்டியில் காணி உறுதி எழுதும் ஒரு சிறிய அலுவலகம் மாதம் 25,000 தருவதாகச் சொல்கிறது. சிநேகிதிகள் எல்லோரும் பேருள்ள இடத்துக்குப் போகச் சொல்கிறார்கள். காசைப் பார்ப்பது பிழையா?*

பிழையே இல்லை, மகள். போடிங், சாப்பாடு, பஸ் என்று கணக்குப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு லட்சம் அளவில் வரும். அதை வீட்டில் யாரோ ஒருவர்தான் சுமக்கிறார். காசு தராத இடத்துக்குப் போகச் சொல்லும் சிநேகிதிகளில் எத்தனை பேர் கொழும்பில் சொந்த வீட்டிலிருந்து போகிறவர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் எனக்குப் பழைய மனக்கசப்பு ஒன்று உண்டு. 1990களில் பதுளையிலிருந்து வந்து ஒரு சேம்பரில் மூன்று மாதம் இருந்தேன். பதிவகத்தில் வழக்கேடு தேடுவது, பிரதி எடுப்பது, முத்திரை வாங்குவது எல்லாம் என் வேலை. காசும் என் கைக்காசு. மாத முடிவில் கேட்கலாம் என்று 40 பக்கக் கொப்பி ஒன்றில் பென்சிலால் எழுதி வந்தேன்: போட்டோ கொப்பி 36 ரூபா, முத்திரை 20 ரூபா, ஓட்டோ 50 ரூபா. மூன்றாம் மாதம் அந்தக் கணக்கு ஏழு பக்கத்துக்கு நீண்டிருந்தது. ஒரு நாளும் நீட்டிக் கேட்கத் துணிவு வரவில்லை. அம்மா காப்பை அடகு வைத்து அனுப்பிய காசு அது. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஜூனியர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வசதியுள்ள அலுவலகம், இன்டர்னின் பஸ் காசையாவது கொடுக்க வேண்டும். அலுவலகச் செலவு ஒரு ரூபாகூட மாணவரின் பையிலிருந்து போகக் கூடாது. இதை வாசிக்கும் சீனியர்களையும் கேட்கிறேன்: கட்சிக்காரரிடம் செலவென்று வாங்கும் காசில் பிரதி எடுக்கும் காசும் இருக்கிறது அல்லவா? அதை ஏன் ஒரு பிள்ளை கட்ட வேண்டும்? தூரத்துப் பிள்ளைகள் இப்படித்தான் ஒவ்வொருவராக இந்தத் தொழிலை விட்டுப் போகிறார்கள்.

உறுதி எழுதும் அலுவலகத்தைச் சிறிதாக எண்ணவும் வேண்டாம். காணிப் பதிவகத்தில் முப்பது வருட உரித்தை (காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை) பக்கம் பக்கமாகத் தேடிப் பழகியவர், மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு வரும்போது தடுமாற மாட்டார். 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணி கைமாறும்போது ஏன் நொத்தாரிசையும் இரண்டு சாட்சிகளையும் கேட்கிறது என்பது, கையெழுத்து வைக்க வந்தவரின் கை நடுங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் விளங்கும். 25,000த்தையும் வேலை நேரத்தையும் எழுத்தில் வாங்குங்கள், வட்ஸ்அப் தகவலாக இருந்தாலும் போதும். மனித உரிமை அமைப்புக்கு, சனிக்கிழமைகளில் வர முடியும் என்று மரியாதையாக எழுதிப் பாருங்கள்.

*ஒரு நிறுவனத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது அதைவிடப் பெரிய இடம் கூப்பிடுகிறது. பேசாமல் போகாமல் விடலாமா?*

கூடாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். முடியாத நிலை உண்மையாகவே இருந்தால் இன்றைக்கே கோல் எடுத்து நீங்களே சொல்லுங்கள். உங்களுக்காக இன்னொருவரை வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். புதுக்கடை சின்ன ஊர், இரண்டு சீனியர்களும் மதியம் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்களாக இருக்கலாம்.

*சிங்களம் வாசிப்பேன், பேச்சு ஓடாது. கிரிமினல் வழக்குச் சேம்பர் ஒன்றும், அடிப்படை உரிமை வழக்குகள் செய்யும் ஒரு சட்டத்தரணியும் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கே பயன்படுவேன்?*

இந்த முறை அடிப்படை உரிமைப் பக்கம் போங்கள். அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரைப்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்தில் பாதி, பாதிக்கப்பட்டவர் நடந்ததை ஒழுங்காகச் சொல்லி முடிக்கவே போய்விடும். தமிழில் சொல்பவருக்கு எதிரே தமிழில் கேட்டு, திகதிவாரியாக எழுதக்கூடிய ஒருவர் அந்த அறைக்குப் பெரிய பலம். மனுவோடு போகும் சத்தியக்கடதாசி (அவர் சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலம்) பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வாசித்து விளக்கப்பட்டது என்று அதன் கடைசியில் ஒரு வரி வரும். அந்த விளக்கம் உண்மையில் நடந்ததா என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது உங்களைப் போன்ற இன்டர்ன்தான். ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் சொல்லுங்கள். "இப்பிடி நான் சொல்லேல்லையே" என்று அவர் ஒரு இடத்தில் நிறுத்தினால், அந்தப் பந்தியோடு சீனியரிடம் ஓடுங்கள்.

காணி வழக்கிலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துப் பழைய உறுதியில் "வழி வாய்க்கால் கிணற்றுப் பங்கு" என்று ஒரு மூலையில் கிடக்கும். அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதிய வரைவைக் கண்டிருக்கிறேன். கிணறு பக்கத்து வளவில் இருந்தால் அந்தக் குடும்பம் தண்ணிக்கு எங்கே போகும்?

சிங்களத்தையும் விட்டுவிடாதீர்கள். கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் வேலை நடப்பது சிங்களத்தில். வாரம் ஒரு காலை, பார்வையாளர் வாங்கில் போய் இருங்கள், ஆறு மாதத்தில் காது பழகும்.

*காலையில் ஒரு சேம்பர், பின்னேரம் இன்னொன்று என்று இரண்டும் செய்யலாமா?*

இருவருக்கும் சொல்லி, இருவரும் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். ஒரே வழக்கில் எதிரெதிராக நிற்பவர்களாக இருந்தால் வேண்டவே வேண்டாம். கோப்பின் அட்டையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தையும் இத்தோடு நிறுத்துங்கள். கட்சிக்காரரின் பெயர் அதில் இருக்கிறது.

*இணையவழி இன்டர்ன்ஷிப் ஒன்றுக்கு 5,000 கட்டச் சொல்கிறார்கள். சேர்ட்டிபிக்கேட் உண்டாம்.*

கட்டாதீர்கள். நேர்முகத்தில் நான் சேர்ட்டிபிக்கேட்டைப் பார்ப்பதில்லை, நீங்கள் எழுதி இன்னொருவர் திருத்திய வரைவு ஒன்றைப் பற்றிச் சொல்லச் சொல்லித்தான் கேட்பேன்.