கேள்வி பதில்: வாய்க்காலைத் தாண்டுகிறவர் கதவருகே நிற்பது ஏன்?

"எங்க அய்யனுக்கு 68 வயசுங்க, மஞ்சக் காட்டுல ஓடியாடி வேலை செஞ்சவரு. இப்ப பார்க்கின்சன்னு மாத்திரை சாப்பிடறாரு. ஊட்டுக்குள்ள ரூம் கதவுகிட்ட வந்தா காலு தரையில ஒட்டிக்குது. ஆனா தோட்டத்து வாய்க்காலை ஒரே எட்டுல தாண்டறாரு. சொந்தக்காரங்க 'பெருசு நடிக்குது'ங்கறாங்க. பலம் இருக்கற காலு ஏனுங்க நிக்குது?"
வாசகர், கோபிசெட்டிபாளையம்

நடிப்பே இல்லைங்க, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டுங்கள். அய்யனின் காலிலும் குறை இல்லை, மனசிலும் குறை இல்லை. சிக்கல் மூளையின் ஆழத்தில் இருக்கிறது.

அங்கே பேசல் கேங்கிலியா என்று சில நரம்பணுத் திரள்கள் இருக்கின்றன. இவை தசைக்கு நேராக எந்தக் கட்டளையும் அனுப்புவதில்லை, கட்டளை மூளையின் மேற்புறணியிலிருந்துதான் இறங்குகிறது. இவற்றின் முக்கிய வேலை அடக்கி வைப்பது. நாம் சும்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதி, புறணிக்குச் செய்தி கடத்தும் தாலமஸை இடைவிடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கும். எழுந்து நடக்கலாம் என்று நினைத்ததும் ஸ்ட்ரையேட்டம் என்ற இன்னொரு பகுதி அந்த அமுக்குகிற பகுதியையே அமுக்க, தாலமஸ் விடுபட்டு செய்தி மேலே போகிறது. தண்ணி கட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: எல்லா மடையும் அடைத்துத்தான் கிடக்கும், வேண்டிய பாத்திக்கு மட்டும் மண்ணை வெட்டி விடுவோம். மற்றவை திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள சப்தலாமிக் நியூக்ளியஸ் வழியாக இன்னொரு சுற்று இருக்கிறது. பக்கவாதத்தில் அந்தச் சின்ன இடம் மட்டும் கெட்டுப்போனால், எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் தானாக வீசியடிக்க ஆரம்பித்துவிடும்.

திறக்கிற சுற்றைத் தூண்டுவதும், அடைக்கிற சுற்றைத் தணிப்பதும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள். அதை அனுப்பும் அணுக்கள் நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கறுப்புத் திட்டில் இருக்கின்றன. பார்க்கின்சன் நோயில் செத்துப்போவது அவைதான். அதனால் அமுக்கல் கூடிப்போய், தானாக வர வேண்டிய அடுத்த எட்டு வராமல் நிற்கிறது. குறுகலான இடம், திரும்புகிற இடம், கதவு, இங்கெல்லாம் இன்னும் மோசம்.

சரி, வாய்க்கால்? கண்ணுக்கு எதிரே தாண்ட வேண்டியது ஒன்று கிடந்தால், மூளை அந்தப் பழக்கப்பட்ட தானியங்கி நடையை விட்டுவிட்டு, பார்வையை வைத்துக் காலை எடுத்து வைக்கிறது. அதற்குப் புறணியின் வேறு பகுதிகளும் சிறுமூளையும் கைகொடுக்கின்றன என்பதுதான் நரம்பியலாளர்கள் தரும் விளக்கம். இதை வீட்டுக்குள்ளேயும் செய்யலாம். கதவருகே தரைக்குப் பளிச்சென்று மாறுபட்ட நிறத்தில், நடைக்குக் குறுக்காக, ஓர் எட்டு இடைவெளியில் டேப் ஒட்டிவிடுங்கள். நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். "ஒண்ணு, ரெண்டு" என்று தாளமாக எண்ணச் சொல்லுங்கள். மூளையில் டோபமைனாக மாறுகிற லெவோடோபா மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுப்பது பலருக்கு நன்றாக வேலை செய்யும். பருப்பு, முட்டை, கறியிலுள்ள புரதம் அது உடம்பில் ஏறுவதற்குப் போட்டி போடும். நேரத்தை மாற்றுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

"டீ கிளாஸைப் பிடித்தால் எனக்குக் கை நடுங்குகிறது. எனக்கும் இதுதானா?"
வாசகி, திருப்பூர்

பெரும்பாலும் இல்லை. பார்க்கின்சன் நடுக்கம் கை மடியில் சும்மா கிடக்கும்போதுதான் அதிகம், வேலை செய்யும்போது குறையும். உங்களுடையது நேர்மாறு. பரம்பரையாக வரும் நடுக்கமாக இருக்கலாம், தைராய்டும் ஒரு காரணம். அப்புறம், வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் கொடுக்கிற சில மாத்திரைகளே பார்க்கின்சன் மாதிரி இறுக்கத்தையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப் போங்கள்.

"பூனைக்காலி விதைப் பொடி பார்க்கின்சனுக்கு நல்லது என்கிறார்களே?"
வாசகர், பவானி

அதில் லெவோடோபா நிஜமாகவே இருக்கிறது, கட்டுக்கதை இல்லை. சிக்கலும் அங்கேதான். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே மருந்தை ரெண்டு முறை சாப்பிட்ட கணக்கு. பொடியில் எவ்வளவு என்பது பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். வாந்தி வரும், எழுந்தால் கிறுகிறுக்கும், கை கால் தன்னால் நெளியும். இதில் ஒரு வேடிக்கை: நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்து டோபமைனைக் காலி செய்து விலங்குகளை அசையாமல் உட்கார வைத்துவிடும். 1957-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் அர்விட் கார்ல்சன் அப்படி உட்கார்ந்துபோன முயல்களுக்கு லெவோடோபா கொடுத்து எழுப்பிக் காட்டினார், 2000-ல் நோபல் பரிசும் வாங்கினார். பொடியை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. மாத்திரை அளவை அதற்கேற்பத்தான் அவர் பார்க்க வேண்டும்.