மகனை மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்களா? அந்த 400 வெள்ளியைக் கொடுக்காதீர்கள்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த கைகலப்பு பற்றி விசாரிக்க அவருடைய 19 வயது மகனைக் காவல் நிலையத்துக்கு அழைத்திருக்கிறார்கள். அதிகாரி தரக்குறைவாகப் பேசினாராம். ‘ஒத்துக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்’ என்றதும் பையன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். இப்போது தேக்காவில் ஒருவர், 400 வெள்ளி கொடுத்தால் மனு எழுதி, ‘உள்ளே பேசி’ முடித்துவிடுவதாகச் சொல்கிறாராம். யாரிடம் புகார் செய்வது என்று கேட்கிறார்.

முதலில் பணத்தைக் கொடுக்காதீர்கள், அம்மா. புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் அல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு சட்டப்பத்திரம் எழுதுவதே குற்றமாகலாம். அப்புறம் அந்த ‘உள்ளே பேசி’ என்ற சொல்! அதிகாரிக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்து நீங்கள் பணம் கொடுத்தால் அது லஞ்சம். கொடுத்தவருக்கும் 5 ஆண்டு வரை சிறை, 1,00,000 வெள்ளி வரை அபராதம். மகனைக் காப்பாற்றப் போன தாயே குற்றவாளியாக நிற்க நேரிடும். இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்களைப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, புகாரை எங்கே கொடுப்பது? காவல்துறையின் இணையப் பக்கத்தில் எழுதலாம். நாள், நேரம், இடம், அதிகாரியின் பெயர், அவர் சொன்ன வார்த்தைகள், இவை போதும். நடக்காததைச் சேர்க்காதீர்கள், பொய்ப் புகார் தனிக் குற்றம். கடுமையான புகார்களைக் காவல்துறையின் உள்விவகார அலுவலகம் விசாரிக்கும். லஞ்சம் என்றால் மட்டும் வேறு இடம்: பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருக்கும் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு. 1951இல் அபின் கொள்ளை ஒன்றில் காவல்துறையினரே சிக்கினார்கள். அதன் பிறகுதான், 1952இல், காவல்துறைக்கு வெளியே இந்தப் பிரிவை அமைத்தார்கள். லஞ்சத்துக்கு அன்றே கற்ற பாடத்தை, மிரட்டல் புகாருக்கு ஏன் இன்னும் முழுதாகக் கைக்கொள்ளவில்லை? முதல் விசாரணை இன்றும் காவல்துறைக்குள்ளேதான் நடக்கிறது. சுவா சூ காங்கில் உள்ள உள்துறைக் குழுக் கழகத்தில் எவ்வளவு நன்றாகப் பயிற்சி கொடுத்தாலும், தவறு நடந்த பிறகு என்ன செய்தார்கள் என்பது தாய்க்குத் தெளிவாகத் தெரிய வேண்டாமா?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். புகார் கொடுத்ததால் மட்டும் அந்த வாக்குமூலம் செல்லாமல் போகாது. இரண்டும் தனித்தனிப் பாதை. அதிகாரி ஆசை காட்டியோ மிரட்டியோ வாங்கியிருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 258ஆவது பிரிவின்படி நீதிமன்றம் அதை ஏற்கக் கூடாது. ‘உண்மையைச் சொல்’ என்று அதட்டியது இதில் சேராது. ‘ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்’ என்றது சேரக்கூடும். மிரட்டலோ ஆசை காட்டலோ இல்லாமல் தானாகக் கொடுத்த வாக்குமூலம்தான் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புடையது. ஆனால் அந்த வாதம் வழக்கு விசாரணையில்தான் எழும். ‘இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?’ என்று அப்போது கேட்பார்கள். ஆகவே நடந்ததை மகன் இன்றிரவே தன் கைப்பட எழுதித் தேதி போட்டு வைக்கட்டும். குற்றச்சாட்டு வந்தால், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய அரசுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது. அங்கே முதல் சந்திப்பிலேயே இந்தத் தாளைக் காட்டுங்கள்.