தனியாகக் காரில் சுற்றும்போது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் சால்ட் லேக் சிட்டியில் டென்ட் போட்டுத் தங்கி, ஊரையும் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். நான் ஒரு செப்டம்பரில் இரண்டு இரவு அப்படித்தான் தங்கினேன். ஆனால் டென்ட் போட ஊருக்குள் இடம் தேடி அலையாதீர்கள். வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் ஆன்டலோப் தீவு இருக்கிறது, மாநிலப் பூங்கா. பெரிய உப்பு ஏரிக்குக் குறுக்கே சுமார் ஏழு மைல் கரைச்சாலை போட்டிருக்கிறார்கள், அதில் காரோடு தீவுக்கே போய்விடலாம். ராத்திரிக்குத் தீவு, பகலுக்கு ஊர்.

ஒரே சிக்கல், இரவு 10 மணிக்குத் தீவின் கேட்டை மூடிவிடுவார்கள். ஊரில் எத்தனை மணி வரை சுற்றலாம் என்பதை அந்தப் பத்து மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். முதல் நாள் நான் சாவகாசமாக இருந்து ஒரு ரயிலைக் கோட்டைவிட்டு, அப்புறம் கரைச்சாலையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டி, ஒன்பதே முக்காலுக்கு உள்ளே நுழைந்தேன்.

ரயில் என்றேன் அல்லவா, காரை ஊருக்குள் கொண்டுபோகவே வேண்டாம். தீவிலிருந்து வரும் ஆன்டலோப் டிரைவ் சாலை ஐ-15 நெடுஞ்சாலையில் வந்து சேரும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லேட்டன் ஸ்டேஷன். காரை அங்கே விட்டுவிட்டு ஃப்ரண்ட்ரன்னர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஊரில் இருக்கலாம். நகர மையத்துக்குள் டிராக்ஸ் ரயில் இலவசம். அந்த இலவசத்தை மதிக்காமல் "நாலு பிளாக்தானே" என்று நான் நடந்தேன். இந்த ஊரில் ஒரு பிளாக் 660 அடி, நடுவில் தெருவே 132 அடி அகலம், ஆக நாலு பிளாக் என்பது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்! மேப்பில் பக்கம் பக்கமாகத் தெரிவதெல்லாம் வெயிலில் அப்படி இருக்காது.

ஊரில் மார்மன் கிறிஸ்தவர்களின் கோயில் வளாகமான டெம்பிள் ஸ்கொயர், மேட்டின் மேல் இருக்கும் மாநிலச் சட்டமன்றமான கேபிடல் கட்டடம், இவை இரண்டும் ஒரு நாளுக்குப் போதும். அந்தக் கோயிலை 1853-ல் தொடங்கி 1893-ல்தான் முடித்தார்கள், நாற்பது வருஷம். அதே 1893-ல்தான் தீவுக்கு 12 காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இன்று நூற்றுக்கணக்கில் மேய்கின்றன. இரண்டாம் நாள் காலையில் அதில் ஒன்று என் காருக்குப் பத்தடி தள்ளி ஒரு கம்பத்தில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது, அது போகிற வரை அரை மணி நேரம் காருக்கு வெகு தூரத்தில் காத்திருந்தேன். சாதுவாகத் தெரிகிறதே என்று கிட்டே போகாதீர்கள், பாய்ந்தால் நம்மால் ஓடித் தப்ப முடியாது.

தனியாகப் போகிறவர்களுக்கு உண்மையான பிரச்சினை டென்ட்தான். நாம் ஊரில் இருக்கும்போது அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அங்கே நிழலுக்கு மரம் கிடையாது, காற்றுக்கும் தடுப்பு கிடையாது, கல் தரையில் முளை பாதிக்கு மேல் இறங்கவும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் டென்ட் தரையோடு தரையாகக் கிடக்கிறது, மேல் துணி மேல் பக்கத்து இடத்துக்காரர் ஒருவர் நாலைந்து கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார். அவர் இல்லையென்றால் துணி ஏரியில்தான். மறுநாள் கிளம்பும் முன் கழிகளை உருவி, டென்ட்டைப் படுக்கப்போட்டு, மேலே தண்ணீர் கேன்களை வைத்துவிட்டுத்தான் போனேன்.

ஏரியில் நீர் வெகுவாக வற்றியிருக்கிறது, கரையிலிருந்து நீர் வரைக்கும் நல்ல நடை, வாடையும் அடிக்கும். ஆனால் அந்த மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள், கசகசா போல உருண்டை உருண்டையாக இருக்கும். ஏரியில் வாழும் குட்டி இறால்களின் எச்சத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து படிந்து உருவான மணி பல அதில் உண்டு. வெறுங்காலோடு அதில் நடந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது, சரி, போகட்டும். இரவில் வானம் அவ்வளவு இருட்டு, 2017-லேயே இருள்வான் பூங்கா என்று சர்வதேச அங்கீகாரம் வாங்கிய இடம். தென்கிழக்கில் மட்டும் ஊரின் வெளிச்சம் மங்கலாகத் தெரியும்.

வசந்த காலத்தில் போகாதீர்கள், கடிக்கிற பொடிப்பூச்சி கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியாது, கொசுவலைக்குள்ளும் புகுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஃப்ரண்ட்ரன்னர் ஓடாது, அன்றைக்குத் தீவிலேயே இருந்துவிடுங்கள்.