அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவி மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

எல்லாம் 1996-இல் எடுத்த ஓர் அரசியல் முடிவிலிருந்து வந்தது. 1935 முதல் இருந்த பழைய திட்டத்தில் தகுதியுள்ள குடும்பம் கேட்டால் பணம் தந்தே ஆக வேண்டும். தேவை கூடினால் மத்திய அரசின் பங்கும் கூடும். அன்றைய அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமையை எடுத்துவிட்டு, 'டான்ஃப்' (TANF, தேவைப்படும் குடும்பங்களுக்கான தற்காலிக உதவி) திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர் மாநிலங்களுக்கு மொத்தமாகப் போகிறது. விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்தத் தொகை ஏறவேயில்லை.

சரி, மாநிலங்கள் அதை ஏழைகளுக்குத்தானே தருகின்றன? அங்கேதான் சிக்கல். திருமணத்தை ஊக்குவிப்பதும் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று; அதனால் பலவகைச் செலவுகளை இந்தக் கணக்கில் எழுதிவிடலாம். ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினால் மிச்சமாகும் பணம் பட்ஜெட்டின் வேறு ஓட்டையை அடைக்க உதவும். நேரடிப் பண உதவியாகப் போவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். மிசிசிப்பியில் இந்த நிதியிலிருந்து 50 லட்சம் டாலர் ஒரு பல்கலைக்கழக வாலிபால் அரங்கத்துக்குப் போனது. 2020-இல் அது அம்பலமானபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

உதவித்தொகை எவ்வளவு, யாருக்கு என்பதை மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்கிறது. மத்திய நிதியிலிருந்து பெரும்பாலான குடும்பங்களுக்கு வாழ்நாளில் 60 மாதங்கள்தான். அதையும் மாநிலம் குறைக்கலாம், அரிசோனா 12 மாதமாகக் குறைத்தது. வேலைக்குப் போகாத பெற்றோரைத் தண்டிக்கும் விதிகளும் உண்டு; இவற்றால் முதலில் பாதிக்கப்படுவது அவர்களின் குழந்தைகள்தான்.