தோழியின் ரகசியமும் 3,500 ரூபாய்ச் சான்றிதழும்

கேள்வி: அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளைச் சக மாணவர்களுக்கு வழிகாட்டியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 'யாரிடமும் சொல்லாதே' என்று தோழி ஏதோ சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. வழக்கு என்று வந்தால் இவளும் மாட்டுவாளா? இதற்கிடையே ஒருவர் 3,500 ரூபாய் கட்டினால் தலைமைப் பண்புச் சான்றிதழ் தருவதாகவும், கல்லூரியில் இடம் கிடைக்க அது உதவும் என்றும் சொல்கிறார். கட்டலாமா?
— ஒரு தாய், குடியாத்தம்

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள் அம்மா. பொறியியல் கலந்தாய்வின் தரவரிசை கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களால் அமைவது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இந்தச் சான்றிதழை அங்கே யாரும் கேட்பதில்லை. மண்டபத்தில் ஒருநாள் கூட்டம், ஒரு கோப்பை, பிரேம் போட்ட காகிதம். இதற்காகப் பீடி சுற்றிப் பிழைக்கும் தாய்மார்கள் கடன் வாங்குவதைப் பார்க்க வயிறு எரிகிறது. 'அரசு அங்கீகாரம்' என்பார்கள். எந்தத் துறை, எந்த ஆணை எண் என்று கேளுங்கள். 'தலைமையாசிரியருக்குத் தெரியும்' என்றால் பள்ளியிலிருந்து எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள். வழிகாட்டி வேலைக்காகப் பிள்ளைகளிடம் அரசு கட்டணம் வாங்குவதில்லை.

இனி மகள். கேட்டுக்கொள்வதும், பெரியவரிடம் கொண்டு சேர்ப்பதும்தான் அவள் பொறுப்பு. தீர்த்து வைப்பது அவள் வேலை இல்லை. பாலியல் தொல்லை, பதினெட்டு நிரம்பும் முன் கல்யாணப் பேச்சு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகிய மூன்றையும் ரகசியமாக வைக்கவே கூடாது. 'டீச்சரிடம் சொல்லியாக வேண்டும், நானும் கூட வருகிறேன்' என்று தோழியிடம் அவள் சொல்லட்டும். இதை முதல் நாளே பள்ளி சொல்லித் தந்திருக்க வேண்டும். ஒரு மதியம் பயிற்சி, ஒரு பேட்ஜ், ஒரு போட்டோ, மேலிடத்துக்கு ஓர் அறிக்கை என்று முடித்துவிட்டுப் பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றுகிறார்கள். 2020-இல் வந்த பள்ளி நலத் திட்டத்தின்படி இதற்கென இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அவர்கள் யார் என்று பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.

வழக்கு பற்றிய பயம் வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் 21-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, அந்தத் தண்டனை குழந்தைகளுக்குப் பொருந்தாது என்கிறது. சட்டத்தின் கண்ணில் பதினெட்டு நிரம்பாத எல்லோரும் குழந்தைகளே. ஆகவே சொல்லாமல் இருந்ததற்காக உங்கள் மகளைத் தண்டிக்க முடியாது. அவள் தோழியையும் முடியாது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீதும் வழக்குப் போட முடியாது. இந்த விலக்கு உங்களுக்குக் கிடையாது, ஆசிரியருக்கும் கிடையாது. விஷயம் உங்கள் காதுக்கு வந்த பிறகு சொல்ல வேண்டிய கடமை உங்களுடையது. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று தலைமையாசிரியர் சொல்வது புகார் ஆகாது.

இன்றே மகளிடம் உட்கார்ந்து, இந்த மூன்றில் ஒன்றா என்று மட்டும் கேளுங்கள். விவரங்களைத் துருவ வேண்டாம். ஆம் என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு என்றால் மனநல உதவி எண்ணான 14416-இலும் ஆலோசகர் கிடைப்பார். ஆனால் முதலில் அந்தத் தோழியைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் அருகில் இருக்க வேண்டும்.