தீ மிதிக்கிற கணக்கு டீச்சர்

கேள்வி: பென்னாகரம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். மகன் சின்ன வயதில் கடும் காய்ச்சலில் கிடந்து பிழைத்ததிலிருந்து, எங்கள் ஊர் திரௌபதி அம்மன் பண்டிகையில் காப்புக் கட்டித் தீ மிதிக்கிறேன். போன மாதம் பதினொன்றாம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதல் (ஒரு கூற்று எல்லா இயல் எண்களுக்கும் உண்மை என்று நிரூபிக்கும் முறை) நடத்தினேன். ஓர் எண்ணோடு அதன் வர்க்கத்தையும் 41-ஐயும் கூட்டினால், 0 முதல் 39 வரை எல்லாவற்றுக்கும் பகா எண்தான் வரும்; 40-க்கு வரும்போது 1681, அதாவது 41 × 41 வந்து கெட்டுவிடும். ‘எத்தனை முறை சரியாக வந்தாலும் நிரூபணம் ஆகாது’ என்றேன். உடனே ஒரு பையன் எழுந்து, ‘மிஸ், நீங்க மட்டும் வருஷா வருஷம் தீ மிதிச்சு கால் சுடலைன்னா, அம்மன் காப்பாத்துறான்னு எப்படிச் சொல்றீங்க?’ என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ‘அதெல்லாம் வேற, உக்காரு’ என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. எனக்குள் இரண்டு பேர் இருக்கிறார்களா? இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டுமா?

பதில்: அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நீங்கள் நடத்திய பாடம் அவனுக்குள் இறங்கியிருக்கிறது. புத்தகத்துக்கு வெளியே இருக்கிற ஒரு விஷயத்தில் அதை வைத்துப் பார்க்கவும் தெரிந்திருக்கிறது. கேட்ட விதத்தில் கொஞ்சம் துடுக்கு இருந்திருக்கலாம், ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதனால் முதல் வேலையாக, அதே வகுப்பில் எல்லார் முன்னாலும், “நீ சொன்னது சரி தம்பி, கால் சுடாதது அம்மனுக்கு நிரூபணம் ஆகாது” என்று சொல்லிவிடுங்கள்.

அதோடு நிறுத்தாமல், தீ மிதியின் இயற்பியலையும் நீங்களே சொல்லுங்கள். படுகளம் (துரியோதனன் வதக் கூத்து) முடிந்து சாயங்காலம் குண்டத்தில் இறங்கும்போது கட்டையெல்லாம் எரிந்து கங்காகி, மேலே சாம்பல் பூத்திருக்கும். மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். வேகமாக நடக்கிறவர் பாதம் ஒரே இடத்தில் ஒரு நொடிகூடத் தங்குவதில்லை. அதே சூட்டில் இரும்புத் தகட்டை விரித்து வைத்தால் எவராலும் நடக்க முடியாது. எந்த வேண்டுதலும் இல்லாதவர்களும் கங்கின் மேல் நடந்து காட்டியிருக்கிறார்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குண்டத்தில் தடுக்கி விழுந்து சுட்டுக்கொண்டவரைப் பற்றி ‘விரதத்தில் ஏதோ குறை’ என்று ஊர் பேசும். கால் சுடாததை அருளுக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டால், சுட்டவர் தலையில் இந்தப் பழி தானாக வந்து விழும். அடிபட்டுக் கிடக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய அநியாயம்! கணக்கு தெரிந்த நீங்கள் அதற்குத் துணை போகக் கூடாது.

சரி, இவ்வளவையும் சொன்ன பிறகு உங்கள் நேர்த்திக்கடனில் என்ன மிச்சம் இருக்கும்? எல்லாமே இருக்கும். மகன் ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரி நீங்கள் எந்தத் தேற்றத்தையும் அறிவிக்கவில்லை. கெஞ்சிக் கேட்டீர்கள், ஒரு வாக்குக் கொடுத்தீர்கள், பிள்ளை பிழைத்ததும் அந்த வாக்கைக் காப்பாற்றுகிறீர்கள். இதில் கணக்கு தலையிட இடமே இல்லை. ஆனால் கேட்பதற்கு அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பது ஒரு கூற்றுதான். அதை மழுப்ப வேண்டாம். அதை நீங்கள் நம்புகிறீர்கள், நிரூபிக்க உங்களால் முடியாது. ‘நம்புகிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நிரூபணமாகிவிட்டது’ என்று சொல்லாதவரை உங்களுக்குள் இருப்பது ஒரே ஆள்தான்.

ராமானுஜனையே பாருங்கள். அவர் குடும்பம் கும்பிட்ட நாமகிரித் தாயார் இருக்கும் நாமக்கல்லும் உங்கள் தருமபுரியும் ஒரு காலத்தில் ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தவை. தாயார் கனவில் வந்து சூத்திரங்களைக் காட்டுவதாக அவர் சொன்னதை நண்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே ராமானுஜன் 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில், ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் என்பதை ஏறக்குறையப் பிழையில்லாமல் சொல்லும் வாய்பாடு தன்னிடம் இருப்பதாக எழுதினார். அது தவறாகப் போயிற்று. கலப்பெண் சார்புகளின் கோட்பாடு அப்போது அவருக்குத் தெரியாததால் பிழை எவ்வளவு பெரிதாகும் என்பது பிடிபடவில்லை. எங்கிருந்து வந்த சூத்திரமானாலும் நிரூபணத்தின் வாசலில் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும்.

அப்புறம், அந்த ஹார்டி கடவுளை அடியோடு மறுத்தவர். இருவரும் சேர்ந்து 1918-இல் எண் பிரிவினை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 4-ஐ 5 விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 200-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? மேஜர் மக்மஹோன் என்ற கணிதவியலர் உட்கார்ந்து கையாலேயே கணக்குப் போட்டார்: 39,72,99,90,29,388. இருவரின் வாய்பாடு தந்த விடையும் அதுவே. அந்த வாய்பாட்டைப் படித்துப் பார்த்து, எந்த வரி பக்தர் எழுதியது, எந்த வரி நாத்திகர் எழுதியது என்று யாராலும் பிரிக்க முடியாது. (ராமானுஜன் பிறந்ததும் ஈரோடு, அவருக்கு எட்டு வருஷம் முன்னால் பெரியார் பிறந்ததும் ஈரோடு. நம் ஊர்ப்பக்கம் இரண்டையும் பெற்று வளர்த்திருக்கிறது.)

உங்களுக்கு ஒரு குறுக்குவழியைச் சிலர் சொல்லித் தருவார்கள். ‘கணக்கும் அடிகோள் என்று எதையோ நம்பித்தானே ஆரம்பிக்கிறது, அப்படியானால் அதுவும் ஒரு மதம்தான்’ என்பார்கள். தயவுசெய்து அந்தப் பதிலைப் பையனிடம் சொல்லாதீர்கள். இணைகோடு பற்றிய யூக்ளிடின் அடிகோளை லொபசெவ்ஸ்கி 1829-இல் மாற்றி வைத்து இன்னொரு வடிவியலையே கட்டினார். அதனால் யார் மனமும் புண்படவில்லை. அம்மனை நீங்கள் அப்படி ஒரு வாரம் எடுத்துவிட்டுப் பார்க்க மாட்டீர்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது அந்தப் பையனுக்கே புரியும். கணித அமைப்புக்குள் அதன் விதிகளால் நிரூபிக்கவோ மறுக்கவோ முடியாத கூற்றுகள் இருக்கும் என்கிற கோடலின் 1931 தேற்றத்தைக் காட்டி ‘கணக்குக்கு எட்டாதது உண்டு, ஆகவே கடவுள் உண்டு’ என்பதும் இதே ரகம்தான்.

நம்பிக்கையும் கணக்கும் நிஜமாகவே மோதும் இடமும் ஒன்று இருக்கிறது. எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றை நம்பிக்கையின் பெயரால் யாராவது சொன்னால், அங்கே கணக்கின் சொல்தான் கடைசிச் சொல். குறி சொல்கிறவர் வருகிற கர்ப்பிணிகளுக்கெல்லாம் ‘ஆண் குழந்தை’ என்றே சொன்னாலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலித்துவிடும். பலித்தவர்கள் தேங்காய் பழத்தோடு திரும்பி வருவார்கள், மற்றவர்கள் வரமாட்டார்கள். பெண் பிள்ளை என்றாலே முகம் சுளித்த வீடுகளை நிறையப் பார்த்த மாவட்டம் உங்களுடையது. இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டுங்கள்.

இந்த நிகழ்தகவுக் கணக்குக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் பாஸ்கல். 1654-இல் ஃபெர்மாவோடு கடிதம் எழுதி, பாதியில் நின்ற சூதாட்டத்தின் பணத்தை எப்படிப் பங்கு போடுவது என்று கணக்கிட்டார். அதே வருஷம் நவம்பர் 23 இரவில் அவருக்கு ஆழமான ஓர் இறையனுபவம். அதை எழுதி மேலங்கியின் உள்துணியில் தைத்து வைத்திருந்தார். 1662-இல் இறந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. அந்தத் தாளை அவர் யாரிடமும் நிரூபணமாக நீட்டவில்லை.

உங்கள் வகுப்பில் கருப்புச் சட்டை வீட்டுப் பிள்ளையும் இருக்கும், தொழுகைக்குப் போகிற பிள்ளையும் இருக்கும். கணக்குப் படித்தால் சாமியை விட வேண்டுமா என்று யாராவது கேட்டால், சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் நடத்திய ராசீன் பாதிரியாரைப் பற்றிச் சொல்லுங்கள். 1937-இல் பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைக் குரு. அவரிடம் படித்த எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் 1965-இல் நிறுவிய தேற்றம் இன்றும் உலகமெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. சாமியே வேண்டாம் என்கிற பிள்ளைக்கு ஹார்டி இருக்கிறார். அடுத்த பண்டிகைக்குக் காப்புக் கட்டுவது உங்கள் இஷ்டம், கட்டுங்கள். குண்டத்தோரம் அந்தப் பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால், கும்பிடச் சொல்லி மட்டும் வற்புறுத்தாதீர்கள்.