தம்பூராவுக்குள் சொற்கள் கரையாமலிருக்க

மதுரை வில்லாபுரத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகர் ஒருவர், தம் கவிதைகளைத் தாமே வாசித்துக் கைபேசியில் பதிவு செய்து, அவற்றோடு மின்தம்பூராவின் சுருதியையும் வைகையில் நீர் வந்தபோது பதிந்த நீரோசையையும் அடுக்குகிறார். இசையை உயர்த்தினால் சொற்கள் கரைகின்றன, தாழ்த்தினால் இசை இருப்பதே தெரியவில்லை, விலை கூடிய மைக் வாங்கினால் இது தீருமா என்று கேட்டிருக்கிறார்.

புதிய மைக்கினால் இது தீராது, ஏனெனில் உங்கள் குரலும் இசையும் ஒரே அதிர்வெண் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற அளவு, அலகு ஹெர்ட்ஸ்) பகுதியில் நெருக்கியடித்து நிற்கின்றன. பேச்சின் வலிமை பெரும்பாலும் உயிரொலிகளில், தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. சொல்லை இன்னதென்று காட்டும் மெய்யொலிகளின் தெளிவோ ஏறத்தாழ 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைப் பெரிதும் நம்பியிருக்கிறது. தம்பூராவைக் கீழ்சுரக் கருவியாகவே எண்ணிக்கொள்கிறோம். ஆனால் தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’யின் மேல் தந்திக்கடியில் இடப்படும் நூல் எழுப்புகிற மேற்சுரங்களே (மூல சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர்ந்த அதிர்வெண்களே) அதன் உயிர், அவை அந்தப் பகுதியையும் இடைவிடாது நிரப்புகின்றன. மின்தம்பூராவும் அந்த ஒலியையே தருகிறது. நீரோசை எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருப்பதால் சகரம் போன்ற மெல்லிய உரசொலிகளை விழுங்கிவிடுகிறது.

ஆகவே, இசை டிராக்குகள் (தனித்தனி ஒலி அடுக்குகள்) அனைத்தையும் ஒன்றாகத் தொகுத்து, அத்தொகுப்பில் ஈக்வலைசர் (வேண்டிய அதிர்வெண்களை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) கொண்டு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 3 அல்லது 4 டெசிபல் (ஒலியளவின் அலகு) தாழ்த்துங்கள். குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலை வெட்டிவிடுங்கள். பிறகு, குரல் எழும்போது மட்டும் இசை 2, 3 டெசிபல் தணியுமாறு செய்யுங்கள். இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில் ‘ஆட்டோ டக்’ என்ற பெயரில் இவ்வசதி இருக்கிறது. இசை மெதுவாகத் திரும்பி எழ வேண்டும். விரைந்து எழுந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் அது மூச்சு வாங்குவது போல் கேட்டு, கவனத்தைக் கவிதையிலிருந்து பறித்துவிடும்.

ரிவெர்ப், அதாவது அறையில் ஒலி பட்டுத் திரும்பி நீளும் கார்வை, பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். தமிழில் குறிலையும் நெடிலையும் பிரிப்பது ஒலி நீளும் கால அளவு. ‘எட்டு’, ‘பத்து’ போன்ற சொற்களில் வல்லின ஒற்றை உணர்த்துவது நாக்கு அடைத்து நிற்கும் நொடிப்பகுதி மௌனம். குரலில் நீண்ட ரிவெர்பைப் பூசினால் அந்த மௌனம் நிரம்பி, ஒற்றுகள் தளர்ந்து, நீங்கள் அளந்து வைத்த சந்தமும் குழைந்துபோகும். விசாலமான மண்டப உணர்வு வேண்டுமெனில் ரிவெர்பைத் தம்பூராவுக்குக் கொடுங்கள். குரல் கேட்பவரின் அருகிலேயே இருக்கட்டும். குரலுக்கும் கொஞ்சம் வேண்டுமென்றால், எதிரொலி 50 மில்லிநொடியாவது தாமதித்துத் தொடங்கட்டும்.

பதிவறையும் முக்கியம். சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையும் கொண்ட வீட்டறை தானே ஒரு ரிவெர்பைச் சேர்த்துவிடும், பின்னர் அதை முழுதாக நீக்க வழியில்லை. துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கி வாசியுங்கள், உங்களுக்குப் பின்னே ஒரு மெத்தையை நிறுத்திவையுங்கள், மின்விசிறியை அணைத்துவிடுங்கள். ஆடி மாதத்தில் தெருவெங்கும் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள், அந்நாட்களில் பின்னிரவே உகந்த நேரம். கைபேசியை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் பகரம் வெடிக்காது. செயலி அனுமதித்தால் பதிவுத் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் எனத் தெரிவு செய்து, செயலியின் ஒலியளவுமானியில் உச்ச ஒலி −12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூழல் ஒலிக்கு நீரோசை மட்டும் போதாது என்பது என் கருத்து. ஓயாத ஓசையைக் காது விரைவில் கேட்பதை விட்டுவிடும். இடைவெளி விட்டு எழும் ஒலிகள் குரலுக்கு இடமும் தரும். அழகர்மலை அடிவாரத்திலோ கீழக்குயில்குடி சமணர் மலையருகிலோ விடியற்காலையில் பறவையொலிகளைப் பதியலாம். காற்றைத் தடுக்க மைக்கின் மீது பஞ்சுறை அவசியம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை, ஆகவே மணியோசை வேண்டுமெனில் சித்திரை வீதியில் நின்று பதியுங்கள்.

கலவை முடிந்ததும், கவிதையை முன்பு படித்திராத ஒருவரிடம் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியிலேயே போட்டுக் காட்டி, புரியாத சொற்களைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். கவிதை உங்களுக்கு மனப்பாடம் என்பதால் உங்கள் காது இல்லாத சொல்லையும் கேட்டுவிடும். அவர் குறித்த இடங்களில் மட்டும் குரலை ஓரிரு டெசிபல் உயர்த்தினால் போதும், இசையை முழுவதும் குறைக்கத் தேவையிராது.